எங்கே போய்ச் சொல்வது?
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



போன மாதம் மலைக் கிராமத்துக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புக் கணக்கு முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு அக்கா கேட்டாங்க, "விறகுக்குப் போன எங்களை அடிச்சதே யூனிபார்ம் போட்டவங்கதான். அவங்க மேல யார்கிட்டம்மா சொல்றது?" எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளி பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பில் சொன்னார்கள். அப்போது எஸ்.சி., எஸ்.டி. தேசிய ஆணையத்திலிருந்து பாமதி என்ற அதிகாரி நேரில் வந்து, அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்டு அறிக்கை கொடுத்தார். ஊர்க்காரங்க வாய்வார்த்தை அன்றைக்குத்தான் அரசாங்கக் காகிதம் ஆச்சு. சங்கத்துக்காரர்களும் விடாமல் போராடினார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மேல் வழக்கு. 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தப் பெண்களில் பலர் பாட்டியாகிவிட்டார்கள்.

ஆணையம் யாரையும் ஜெயிலில் போடாது. விசாரிக்கும், அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்கும், அரசுக்குப் பரிந்துரை செய்யும், அவ்வளவுதான். இதை மறைத்துச் சொல்ல எங்களுக்கு மனசில்லை. ஆனாலும் வீரப்பன் தேடுதலில் சித்திரவதைப்பட்ட மலைக் கிராமத்தாருக்கு, 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொல்லி 2007இல் பரிந்துரைத்தது தேசிய மனித உரிமை ஆணையம்தான்.

பழங்குடியினருக்கென்றே 2004 முதல் தனி தேசிய ஆணையமும் இருக்கிறது. மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். இன்னொன்று, மாநில மனித உரிமை ஆணையத்தில் மனு நிலுவையில் இருந்தால் தேசிய ஆணையம் அதே விஷயத்தை எடுக்காது. நாலு இடத்துக்கு நகல் போட்டால் நல்லது என்று நினைத்து நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

ஐம்பது காசு வட்டி விடுபட்டால் நோட்டைப் புரட்டிச் சண்டை போடுகிறோம் இல்லையா? அதே தீர்மான நோட்டில் அடிபட்ட தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டு நம்பர் எல்லாம் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அந்த அக்காவுக்கு நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. மூன்று மாதம் மிச்சம் இருக்கு. அவங்க சம்மதிச்சுட்டாங்க. வருகிற வியாழக்கிழமை அவங்க குழுவோடு உட்கார்ந்து மனு எழுதுகிறோம். கூட இருந்து பார்த்த இரண்டு பேரும் கட்டாயம் வரணும்.