ஜெயிக்கப் போகும்போது கலைக்கப்படுகிற ஆட்டம்

(கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றில் ‘சார்பட்டா பரம்பரை’ திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் குளிரிலும் கடைசிவரை உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கும், தோழர்களுக்கும், முன்வரிசையில் இன்னும் காற்றில் குத்துவிட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஜெய்பீம்.

பிடித்த காட்சி எது என்று கேட்டதும் பாதிப் பேர் ‘டான்சிங் ரோஸ்’ என்று கத்தினீர்கள். எனக்கும் பிடிக்கும். ரோஸ் எதிர்ப் பரம்பரைக்காரன். கபிலனைச் சீண்டுகிறான், ஆனால் ஆட்டத்தால்தான் சீண்டுகிறான். கபிலனும் ஆட்டத்தாலேயே பதில் சொல்கிறான். கயிறு கட்டிய அந்தச் சதுரத்துக்குள் இரண்டு பேருக்கும் ஒரே விதி, ஒரே மணி. அங்கே எவனும் எவனிடமும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. 2021-இல் பா. இரஞ்சித் எடுத்த இந்தப் படத்தில், சமத்துவம் என்றால் என்ன என்று வசனமே இல்லாமல் சொல்கிற இடம் அது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது, நீங்கள் யாரும் சொல்லாத காட்சியை. வேம்புலியோடு மோதும் முதல் சண்டை. கபிலன் ஜெயிக்கப் போகிறான். இன்னும் நாலு குத்து போதும். அப்போது கலவரம் மூட்டுகிறார்கள். மேடையிலேயே கபிலனின் துணியை உருவி நிர்வாணமாக்குகிறார்கள். செய்தது யார்? இடியாப்பப் பரம்பரை இல்லை. சார்பட்டாவைச் சேர்ந்த தணிகாவின் ஆட்கள். நன்றாகக் கவனியுங்கள். தன் பரம்பரையே தோற்றாலும் பரவாயில்லை, கபிலன் கையால் மட்டும் அது ஜெயிக்கக் கூடாது. சாதி என்பது இதுதான். விதிப்படி ஆடி நம்மைத் தோற்கடிக்க முடியாதபோது, அது ஆட்டத்தையே கலைத்துவிடும்.

அதே நேரம் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, ரங்கன் வாத்தியாரைக் கைது செய்ய போலீஸ் நிற்கிறது. 1976 ஜனவரி 31. நெருக்கடி நிலைக் காலம். சென்னையில் ஆட்சி கலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே 1976-இல் இந்த மலையில் என்ன நடந்தது தெரியுமா?

பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்களைத் திருத்தி அந்த ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதுவரை பழங்குடிப் பட்டியலில் இருந்த நம் மலைப் புலையர்கள் பட்டியல் சாதிக்கு மாற்றப்பட்டார்கள். பட்டியல் சாதி என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. என் பேச்சு அதுவல்ல. காட்டில் வாழ்கிறவர்களுக்குக் காட்டின் மேல் உள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறேன். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடியாக இருந்தால், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் வாழ்ந்து, அதை நம்பிப் பிழைப்பதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். தேனெடுக்கப் போன தாத்தாவுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? மேடை ஏறுவதற்கு முன்பே விதி மாறிவிட்டது. பழைய பட்டியலில் மீண்டும் சேர்க்கச் சொல்லி இவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆட்டம் கலைந்த பிறகு கபிலன் என்ன ஆனான்? சாராயத்தில் விழுந்தான். அவமானம் ஒரு மனிதனை அப்படித்தான் செய்யும். நம் ஊரிலும் அப்படி விழுந்த அண்ணன்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டுவது சுலபம். படம் திட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இங்கேதான் வருகிறது. குத்துச்சண்டைப் பக்கமே போகாதே என்று மகனை அடித்த அதே பாக்கியம் அம்மா, கணவனைப் பறிகொடுத்த அந்த அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு பீடி ராயப்பனிடம் போகிறாள். மறுபடி ஆடு என்கிறாள். மகன் உயிரோடிருந்தால் போதும் என்று நினைத்தவளுக்கு, தலைகுனிந்த உயிர் போதாது என்று புரிந்துவிட்டது. கடைசிச் சண்டைக்குக் கபிலன் நீல அங்கி போட்டு வருகிறானே, அந்த நீலம் தொடங்குவது அம்மாவின் அந்த முடிவில்தான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பாக்கியமும் மாரியம்மாவும் இல்லாமல் கபிலன் இல்லை. ஆனால் அவர்கள் இருவரும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். கதை நடக்கிற காலம் அப்படி. இன்றைக்கு அந்தச் சாக்கு இல்லை. முன்வரிசைத் தங்கைகளே, கிளவுஸ் உங்களுக்கும்தான்.

இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் காட்டில் தன் அப்பா அம்மா எங்கே இருந்தார்கள், எந்தப் பாறையில் தேன் எடுத்தார்கள், எந்த மேட்டில் விதைத்தார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். மூத்தவர்களின் வாக்குமூலத்தையும் அந்தச் சட்டம் சான்றாக ஏற்கிறது. கிராமசபை கூடும்போது அந்த நோட்டோடு வாருங்கள்.

அடுத்த ரவுண்டுக்கு மணி அடிக்க யாரும் வரமாட்டார்கள். நாம்தான் அடிக்க வேண்டும். ஜெய்பீம்.