காகிதத்தில் செய்த பாட்டுப் பெட்டி

 

சென்ற ஆண்டு விழாவின்போது இதே மேடையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. சங்கப் படிப்பகத்தில் பாட்டுப் பெட்டகம் ஒன்று அமைக்கப்படும். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம், வானொலியின் நேயர் விருப்பம்போல, வருகின்றவர்கள் தாமே வேண்டிய பாடலைத் தேர்ந்தெடுத்து ஒலிக்கச் செய்யலாம். அதற்கெனக் கணினியும் தொடுதிரையும் வாங்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. ஆண்டொன்று கழிந்தது. திரை வரவில்லை. "திரட்டிய பணம் எங்கே?" என்று ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவிலே எங்களை நிறுத்திக் கேட்டவர்களும் உளர். பணம் வங்கியிலே பத்திரமாக இருக்கிறது, ஐயா! இதுவரை செலவானவை பதினாறு அட்டைத் தாள்களும் ஒரு பசைப் புட்டியும் மட்டுமே. அந்தப் பதினாறு அட்டைகளின் வரலாற்றைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

நாங்கள் பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர் வேலையில் புகுந்தவர்கள். கணினி நூல் கற்றவர்கள் அல்லர். ஆயினும் சாளரத்தின் உட்புறம் இருபது ஆண்டு அமர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். வெளியே நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். உள்ளே உள்ள பட்டியலில் வேறொரு பெயர் இருக்கும். 'கண்டோன்மெண்ட்' என்பார் ஒருவர். 'தண்டு' என்பார் மற்றொருவர். 'என் மகள் வீட்டுக்குப் போகிறேன்' என்று மட்டும் சொல்லிப் பணத்தை நீட்டும் மூதாட்டியும் உண்டு. பங்காருப்பேட்டையை இன்னும் பௌரிங்பேட்டை என்றே கேட்கும் பெரியவர் ஒருவரை நாங்கள் அறிவோம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கணினியில் அந்நிலையத்தின் குறியீடான பி.டபிள்யூ.டி. என்பதும் பழம்பெயரின் சாயலையே இன்றளவும் சுமந்து நிற்கிறது. கேட்பவர் சொல்லுக்கும் பட்டியலின் சொல்லுக்கும் இடையே நின்று பொருள் சொல்லுவதே எழுத்தனின் வேலை. சீட்டை அச்சிடுவது எந்திரத்தின் வேலை.

வானொலியிலும் அவ்வாறே இருந்தது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. 1957-இல் விவித பாரதி வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் நம் லைன் வீடுகளில் கேட்டது. நேயர் ஓர் அஞ்சலட்டையில் தமக்குத் தெரிந்தவாறு எழுதிப் போடுவார். படத்தின் பெயர் பிழையாயிருக்கும். பாடியவர் பெயர் மாறியிருக்கும். நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் இருந்தவர்கள் அந்தப் பிழைகளையெல்லாம் தாண்டிச் சரியான தட்டை எடுத்துக் கொடுப்பார்கள். நேயருக்கு நூலகத்தின் ஒழுங்கு தெரிய வேண்டிய தேவையே இருந்ததில்லை. இப்பொழுது நாம் செய்யப் புகுந்ததோ, இடையில் நின்ற அந்த மனிதரை எடுத்துவிட்டு, பாட்டியையும் பட்டியலையும் நேருக்கு நேர் நிறுத்துவது. இந்த வேறுபாடு தொடக்கத்தில் எங்கள் அறிவுக்கு எட்டவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். நம் கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில், ஐதர் அலி பிறந்த ஊர் என்று சொல்கிறார்களே அவ்வூரில், 'நம்ம த்வனி' என்னும் ஊர் வானொலி எழுந்தது. வாய்சஸ், மைராடா என்னும் தொண்டு அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணை நிற்க, 2001-இல் நிகழ்ச்சித் தயாரிப்பு தொடங்கிற்று. தன்னுதவிக் குழுப் பெண்கள் தாமே ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்கள். வானலையில் ஒலிபரப்பத் தொண்டு நிறுவனங்களுக்கு அந்நாளில் உரிமம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நடுவணரசு அதற்கு வழி திறந்தது. அதுவரை காத்திராமல், கேபிள் தொலைக்காட்சிக் கம்பியின் வழியே தம் குரலை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

கல்லூரியில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் திரைக்கான அமைப்பை வரைந்தார்கள். படம், இசையமைப்பாளர், பாடகர், ஆண்டு என நான்கு கட்டங்கள். எழுத்துக் கோத்துத் தேட ஓர் இடம். எதிலும் அடங்காதவற்றுக்கு 'பல்வகை' என்றொரு கட்டம். பார்வைக்கு மிக அழகாயிருந்தது. உடனே வாங்கிவிடலாம் என்றோம் நாங்கள். அவர்களுள் ஒரு பெண்தான், "வேண்டாம் மாமா, முதலில் காகிதத்தில் செய்து பார்ப்போம்" என்று தடுத்தாள்.

முறை மிக எளிது. திரையில் என்னென்ன தோன்றுமோ, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதிக்கொள்வது. பயன்படுத்தப் போகிறவர் ஒருவரை முன்னே அமர்த்தி, "இன்ன பாட்டை எடுங்கள்" என்று மட்டும் சொல்வது. அவர் அட்டையில் ஒரு கட்டத்தை விரலால் தொட்டால், எதிரே இருக்கும் ஒருவர் வாய் திறவாமல் அதற்கடுத்த அட்டையை வைக்க வேண்டும்; அவர்தாம் கணினி. இன்னொருவர் நடப்பதைக் குறிப்பெடுப்பார். எவரும் உதவி செய்தல் கூடாது. மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி வந்தவரைக் கேட்டுக்கொள்ளலாம். அட்டையில் உள்ள சொல்லைக் கேள்வியில் சொல்லிவிடவும் கூடாது. சொன்னால் அது விடையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும். பிறகு திருத்தி, வேறு ஐவரை அழைக்கலாம் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000-இல் எழுதியிருப்பதாக அப்பெண் கூறினாள்.

இது விளையாட்டன்று. உங்கள் கைப்பேசியையும் வீட்டுக் கணக்குப் பொறியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் 1, 2, 3 மேலே. மற்றதில் 7, 8, 9 மேலே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் பொத்தான் தொலைபேசியைச் செய்வதற்கு முன்பு, வட்டமாகவும், இரண்டு வரிசையாகவும், கூட்டல் பொறியின் முறையிலுமாகப் பல அமைப்புகளை மக்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவுகள் 1960-இல் வெளியாயின. 1963-இல் தொலைபேசி வந்தது. தொழிற்சங்கத்தின் ஊராகிய நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 1981-இல் வடஐரோப்பிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் ஆய்வாளரோடு கைகோத்து 'உட்டோப்பியா' என்றொரு திட்டம் நடத்தின. பத்திரிகை அலுவலகத்துக்குக் கணினி வரப்போகிறது; அது எப்படி இருக்க வேண்டும் என்பதை வேலை செய்கிறவன் சொல்ல வேண்டும் என்பது கோரிக்கை. ஒட்டுப்பலகையாலும் காகிதத்தாலும் போலிக் கணினிகள் செய்தார்கள். வெறும் அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் 'லேசர் அச்சுப்பொறி' என்று எழுதி வைத்து, அதன் முன்னே வேலை செய்து பார்த்தார்கள்!

இனி நம் கதைக்கு வருவோம்.

முதல் நாள் ஐவர் வந்தனர். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் அட்டைகளைக் கண்டதும், "கைரேகை வைக்கணுமா?" என்றார். சிரித்தோம், பிறகு சிரித்ததற்கு வெட்கினோம். 1930-இல் கைரேகைப் பதிவு கூடாதென்று நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்த ஊரல்லவா இது? பெயரும் வேண்டா, ரேகையும் வேண்டா என்று உறுதி சொன்ன பின்னரே அவர் அமர்ந்தார். அவர் 'ஆண்டு' என்ற கட்டத்தைத் தொடவே இல்லை. வேறு எவரும் தொடவில்லை. பாடல் எந்த ஆண்டில் வந்தது என்று யாருக்கு நினைவிருக்கிறது? எந்தக் கொட்டகையில், யாருடன் போய்ப் பார்த்தோம் என்பதுதான் நினைவிருக்கிறது. நடுவயதினர் படத்தின் பெயரைத் தேடினர். இளைஞர்கள் தமிழ்ப் பாட்டின் முதற்சொல்லை ஆங்கில எழுத்தில் கோத்தார்கள். ழகரத்தை மூவர் மூன்று விதமாக எழுதினர். (இதைப்பற்றிச் சங்கம் தனியாக ஒரு நாள் வருந்தலாம்.)

ஐந்தாமவர் சாம்பியன் ரீஃப் லைனில் வாழும் ஓர் அம்மையார். எண்பதை நெருங்கியவர், எழுத்தறியாதவர். விருப்பமான பாட்டை எடுங்கள் என்றோம். "எங்க வீட்டுக்காரர் சங்கத்து மேடையில பாடினது இருக்குதாமே, அது வேணும்" என்றார். அவர் கணவர் சுரங்கத்தில் உழைத்தவர், நல்ல பாடகர், காலமாகிப் பல ஆண்டுகளாயின. அவர் பாடிய ஒலிநாடா எங்களிடம் இருந்தது. குடும்பங்கள் கொடுத்த நாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றி வைத்திருந்தோம்.

அம்மையாரின் விரல் அட்டையின்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கும் இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து, "எனக்குப் படிப்பு இல்லையே, என் தப்புதான் தம்பி" என்று எழுந்தார். எங்களால் பொறுக்க முடியவில்லை. விதியை மறந்தோம்; அவர் விரலைப் பிடித்துப் 'பல்வகை'யின்மேல் வைத்தோம். கணினியாக இருந்த பையன் அடுத்த அட்டையை வைத்தான். அதில் இருந்தது என்ன? 'ஒலிநாடா 7, பகுதி 2.' அவ்வளவுதான். அம்மையாரின் கணவர் பெயர் அதில் இல்லை. எழுத்தறிந்தவர் வந்திருந்தாலும் கண்டிருக்க மாட்டார். குறிப்பெடுத்த பெண் தன் ஏட்டில், 'இவ்விடத்தில் மாமா உதவினார். சோதனை இத்துடன் முடிந்தது' என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பட்டியலை எழுதியவர்கள் யார் தெரியுமா? நாங்கள்தாம். சரக்குச் சீட்டுக்கு எண் போடும் பழக்கத்தில், பாடிய மனிதருக்கும் எண் போட்டுவிட்டோம். அம்மையார் தம் தவறென்று சொல்லிச் சென்றது எங்கள் தவறு. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அட்டைகளைக் கிழித்தோம். கிழிப்பதற்குச் செலவில்லை என்பதே காகிதத்தின் பெருமை. திரையை வாங்கி எல்லாவற்றையும் முடித்திருந்தால், செய்ததைக் காப்பாற்றத்தான் வாதாடியிருப்போம். புதிய முதல் அட்டையில் மேலே 'நம்மவர் குரல்' என்ற கட்டம் வந்தது. அதைத் தொட்டால் பாடியவர்களின் நிழற்படங்கள். 'ஆண்டு' போயிற்று. தாலாட்டு, திருமணம், பொங்கல், துயரம் எனப் பாட்டு வாழும் இடங்கள் படங்களாக வந்தன. கன்னட, தெலுங்குப் பாடல்களைத் தனியே வைப்பதா, கலந்து வைப்பதா என்பதில் மட்டும் குழு இரண்டுபட்டது. இன்னும் அப்படியே இருக்கிறது. கலந்தே வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. நம் லைனில் வீடுகள் அப்படித்தானே இருக்கின்றன?

இரண்டாம் சுற்றுக்கு வேறு ஐவர் வந்தனர். மூவர் எவர் துணையுமின்றித் தம் பாட்டை அடைந்தனர். சாம்பியன் ரீஃப் அம்மையார் அழைத்தும் வரவில்லை. ஆகவே அட்டைகளை அவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றோம். கட்டிலின்மேல் பரப்பினோம். முதல் அட்டையில் ஒலிவாங்கியின் முன் ஒருவர் பாடும் படத்தைத் தொட்டார். அடுத்த அட்டையில் தம் கணவரின் நிழற்படத்தைக் கண்டு தொட்டார். கட்டிலின் அடியில் அமர்ந்திருந்த பையன், கைப்பேசியில் பாட்டை ஒலிக்கச் செய்தான். காகிதத்துக்கு ஒலி இல்லையே. அதற்காகச் செய்த சூழ்ச்சி அது.

அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். நாங்களும் எங்கள் வெற்றியில் மகிழ்ந்திருந்தோம். பாதியிலே கையை உயர்த்தி, "நிறுத்து தம்பி. இது அவர் குரல் இல்லை. யாரோ சின்னப் பையன் மாதிரி ஓடுது" என்றார்.

குரல் அவருடையதுதான். நாங்கள் நாடாக்களை மாற்றிய பழைய டேப் ரெக்கார்டர் உரிய வேகத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும், குரல் மெலியும். எல்லா நாடாக்களையும் அவ்வாறே மாற்றி வைத்திருக்கிறோம்! எங்களுள் ஒருவர்க்கும் அது தெரியவில்லை. திரையைப் பற்றிக் கேட்கப் போனோம். ஒலியைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். ஒரே வீட்டில் அக்குரலோடு வாழ்ந்தவருக்கு அன்றி வேறு யாருக்குத் தெரியும்?

ஆதலால் அன்பர்களே, அத்தனை நாடாக்களையும் மீண்டும் முதலிலிருந்து மாற்ற வேண்டியிருக்கிறது. திரை வராததற்குக் காரணம் இதுவே. சரியான வேகத்தில் ஓடும் டேப் ரெக்கார்டர் உங்களுள் எவர் வீட்டுப் பரண்மேலாவது இருந்தால் இரண்டு மாதம் இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். 'நம்மவர் குரல்' அட்டையில் ஒன்பது கட்டங்கள் படமின்றி வெறுமையாக உள்ளன. 2001-இல் சுரங்கம் மூடிய பின் பல குடும்பங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் போய்விட்டன. படங்களும் அவர்களோடு போயின. உறவினர் இருந்தால் கேட்டு வாங்கி அனுப்புங்கள். அட்டைகள் இந்த மண்டபத்தின் பின்வாயில் அருகே மேசைமேல் இருக்கின்றன. உணவுக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் அமர்ந்து, உங்கள் பாட்டைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உரக்கச் சொல்லுங்கள். குறிப்பெடுக்கும் பெண் அங்கே இருப்பாள். நாங்கள் உதவிக்கு வராதபடி எங்களைப் பந்தியில் பரிமாறும் வேலையில் போட்டிருக்கிறார்கள்.