மாற்றுச் சான்றைக் காப்பாற்றுங்கள்



நான் இடைக்கால ஐரோப்பாவின் சமய வரலாற்றைக் கற்பிப்பவன். புனிதர்களுக்கும் திருச்சபை அதிகாரத்துக்கும் இடையே இருந்த உறவுதான் என் பாடம். அந்தப் பாடத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஒரு செய்தியை இன்று பட்டம் பெறும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நீங்கள் வணங்குபவரைப் பற்றியும் சரி, வெறுப்பவரைப் பற்றியும் சரி, உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் சான்றை அழியவிடாதீர்கள். வரலாறு படித்தவர் சமுதாயத்துக்குச் செய்யக்கூடிய தொண்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அசிசி நகரத்துப் பிரான்சிஸை நீங்கள் அறிவீர்கள். துணி வணிகரின் மகன். 1206-ஆம் ஆண்டளவில், தந்தை தொடுத்த வழக்கு ஆயர் குய்தோவின் முன் வந்தபோது, உடுத்தியிருந்த ஆடையைக் கழற்றித் தந்தையிடமே கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு நின்றார். அப்போது ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார் என்று முதல் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எல்லாவற்றையும் துறந்த அந்த இளைஞனின் மேல் விழுந்த முதல் துணி திருச்சபையின் துணி. அது அடைக்கலமா, அரவணைத்தபடியே தன் பிடிக்குள் கொண்டுவருவதா? நெடுங்காலமாக அறிஞர்கள் இந்தக் கேள்வியைத்தான் பல வடிவங்களில் கேட்டு வருகிறார்கள்.

இதே பாதையில் இவருக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே ஒருவர் நடந்தார். லியோன் நகரத்து வணிகர் வால்டோ. அவரும் செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்தார். அவரும் நற்செய்தியைத் தெருவில் போதித்தார். 1179-இல் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் கூடியபோது அவருடைய ஆட்கள் உரோமைக்குச் சென்றார்கள். ஏழைகளாக வாழுங்கள், ஆனால் அந்தந்த இடத்துக் குருக்களின் அனுமதியின்றிப் போதிக்காதீர்கள் என்று திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் பதில் சொன்னார். அவர்கள் போதிப்பதை நிறுத்தவில்லை. 1184-இல் வெரோனாவில் திருத்தந்தை மூன்றாம் லூசியஸ் அவர்களைத் தப்பறைக்காரர்களின் பட்டியலில் சேர்த்தார்.

1209-ஆம் ஆண்டளவில் பிரான்சிஸ் தம் வறுமை வாழ்வுக்கு அனுமதி கேட்டுச் சில தோழர்களோடு அதே உரோமைக்குப் போனார். இந்த வாழ்க்கைமுறை மனிதரால் தாங்கக்கூடியதல்ல என்று சில கர்தினால்கள் தயங்கினார்கள். அப்படிச் சொன்னால் நற்செய்தியையே வாழ முடியாதது என்று சொன்னதாகிவிடும் எனக் கர்தினால் ஜான் பரிந்து பேசினாராம். திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் வாய்மொழியாக இசைவு தந்தார். ஒரே வறுமை, ஒரே நற்செய்தி. ஒருவர் தப்பறைக்காரர், மற்றவர் புனிதர். கொள்கையை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. ஆயரின் ஆதரவு, கர்தினாலின் பரிந்துரை, இடையில் மாறியிருந்த அரசியல் சூழல், பணிந்து அனுமதி கேட்ட பிரான்சிஸின் இயல்பு எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. யார் புனிதர் என்பது வானத்தில் முடிவாகலாம். யார் புனிதராக அறிவிக்கப்படுகிறார் என்பது மண்ணில் முடிவாகிறது. அந்த மண்ணைப் படிப்பதுதான் நம் வேலை.

1226 அக்டோபரில் இறப்பதற்குச் சற்று முன் பிரான்சிஸ் தம் இறுதிச் சாசனத்தைச் சொல்லி எழுதவைத்தார். ஒரு பக்கம், எளிய குருக்களையும் தாம் மதித்து வணங்குவதாகச் சொல்கிறார். இன்னொரு பக்கம், உரோமை அலுவலகத்திடம் போய் எந்தச் சலுகைக் கடிதமும் கேட்கக் கூடாது, தம் துறவுச் சபையின் ஒழுங்குக்கும் இந்தச் சாசனத்துக்கும் யாரும் விளக்கவுரை சேர்க்கக் கூடாது என்று தம் சகோதரர்களுக்குக் கட்டளையிடுகிறார். கீழ்ப்படிதலும் பிடிவாதமும் ஒரே மனிதரின் ஒரே ஆவணத்தில் அருகருகே இருக்கின்றன.

அடுத்து நடந்தவற்றைக் கவனியுங்கள். 1228 ஜூலை 16-ஆம் நாள், இறந்து இரண்டு ஆண்டுகூட முடியாத நிலையில், அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அளித்தவர் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி. கர்தினால் உகோலினோவாக இருந்த காலத்தில் பிரான்சிஸின் நண்பராகவும் காவலராகவும் விளங்கியவர். மறுநாளே அசிசியில் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1230-இல் சபையின் தூதுக்குழு ஒன்று அவரிடம் சென்று, சாசனம் எங்களைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டது. நம் உவரியிலும் புளியம்பட்டியிலும் மக்கள் கைகூப்பி வேண்டும் புனித அந்தோணியாரும் அந்தக் குழுவில் இருந்தார். கட்டுப்படுத்தாது என்று கிரகோரி தீர்ப்புச் சொன்னார். சகோதரர்களின் ஒப்புதல் இல்லாமல் இட்ட கட்டளை அது. தமக்குச் சமமான பின்வருவோரைப் பிரான்சிஸ் கட்டிப்போட இயலாது. இதுவே அவர் சொன்ன காரணம். நெடுநாள் பழகியதால் புனிதரின் மனத்தை முழுமையாக அறிந்தவன் நான் என்றும் அவர் எழுதினார். நேசித்தவரே புனிதராக உயர்த்தினார். அவரே அந்தப் புனிதரின் கடைசிச் சொல்லைச் செல்லாததாக்கினார். இதில் வஞ்சகத்தை மட்டும் பார்ப்பவர் பாதிதான் படித்திருக்கிறார். அன்பை மட்டும் பார்ப்பவரும் அப்படியே.

இந்தத் தீர்ப்புகளின் விலையை மனிதர்கள் தம் உடலால் கொடுத்தார்கள். 1317-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், கடும் வறுமையை விரும்பிய துறவியர் தம் குட்டையான, கிழிந்த அங்கிகளைக் கைவிட வேண்டும், மடங்களில் தானியமும் திராட்சை இரசமும் சேமித்து வைக்கலாமா என்பதை மேலதிகாரிகளே முடிவு செய்வார்கள் என்று ஆணையிட்டார். மறுத்த நான்கு பிரான்சிஸ்கன் துறவியர் 1318 மே மாதம் மார்சேய் நகரில் எரிக்கப்பட்டார்கள். அங்கியின் நீளமும் தானியக் களஞ்சியமும் உயிரைக் கொடுக்கத் தக்க காரணங்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அவை பிரான்சிஸிடம் கொடுத்த வாக்கு. ஒரு காலத்து மக்கள் எதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் நிலையில் நின்று உணர முடியாதவரால் அந்தக் காலத்தை எழுத முடியாது.

இனி, நான் சொல்லவந்த செய்தியின் மையத்துக்கு வருகிறேன். பிரான்சிஸின் முதல் வாழ்க்கை வரலாற்றைத் தோமா செலானோ 1228–29-இல் எழுதினார். இருபத்தைந்து வயது வரை பிரான்சிஸ் வீண் ஆடம்பரத்தில் தோழர்கள் எல்லாரையும் மிஞ்சினார் என்று அதில் தயங்காமல் சொல்கிறார். பெற்றோரின் வளர்ப்பையும் குறைகூறுகிறார். பிறகு சபைக்குள் பிளவுகள் வளர்ந்தன. ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பிரான்சிஸைக் காட்டினார்கள். 1260-இல் சபையின் பொதுப்பேரவை, தலைவராயிருந்த பொனவெந்தூரிடம் புதிய வரலாறு எழுதும் பொறுப்பைக் கொடுத்தது. அவர் அசிசிக்கே போய், உயிரோடிருந்த தோழர்களிடம் விசாரித்து எழுதினார். அவருடைய பிரான்சிஸ் இளமையிலும் மாசு அண்டாதவர். 1266-இல் பாரிசில் கூடிய பொதுப்பேரவை, இதற்கு முன் எழுதப்பட்ட வரலாறுகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும், சபைக்கு வெளியே இருக்கும் படிகளையும் முடிந்தவரை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது.

பொனவெந்தூர் தீயவர் அல்லர். பேரறிஞர், பின்னாளில் அவரும் புனிதரானார். உடைந்துவிடும் நிலையில் இருந்த குடும்பத்தை ஒரே கதையால் கட்டிவைக்கலாம் என்று அந்தப் பேரவை எண்ணியிருக்க வேண்டும். சான்றுகளை அழிப்பவர்கள் பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான் அழிக்கிறார்கள். ஆகவேதான் நான் இதை உங்களிடம் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆனாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. பிரான்சிஸ்கன் ஆணை எட்டாத சிஸ்டர்சியன், பெனடிக்டைன் மடங்களின் நூலகங்களில் செலானோவின் படிகள் தங்கின. பிரான்சிஸின் நெருங்கிய தோழர் லியோ தம் நினைவுக் குறிப்புகளை அசிசியின் கிளாரா சபைக் கன்னியரிடம் ஒப்படைத்தார் என்று பின்னாளைய பிரான்சிஸ்கன் எழுத்தாளர் உபெர்த்தினோ தா கசாலே எழுதுகிறார். அந்த லியோ காத்த இன்னொன்றை இன்றும் அசிசிப் பேராலயத்தில் காணலாம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு தோல்தாள். 1224-இல் லா வெர்னா மலையில், மனக்கலக்கத்தில் இருந்த லியோவுக்காகப் பிரான்சிஸ் தம் கையாலேயே எழுதியது. ஒரு பக்கம் இறைப்புகழ், மறு பக்கம் லியோவுக்கு ஆசீர். அந்தத் தாளை லியோ மடித்துத் தம்முடனேயே வைத்திருந்தார். மடிப்புகளின் தடம் இன்றும் தெரிகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் லியோவின் சிறிய எழுத்து: இது எங்கே எப்போது எழுதப்பட்டது, யார் கையால் எழுதப்பட்டது என்ற குறிப்பு. ஒரு நண்பர் ஆவணக் காப்பாளராகவும் ஆனதால் அந்தத் தாள் நமக்கு வெறும் நினைவுப்பொருளாக நின்றுவிடாமல் சான்றாகவும் கிடைத்திருக்கிறது.

செலானோவின் முதல் நூல் 1768-இல் அச்சேறியது. 1893-இல் பால் சபாட்டியே என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் போதகர், பழைய சான்றுகளைத் தேடித் திரட்டி, திருச்சபையால் அடக்கப்பட்ட ஒரு பிரான்சிஸை எழுதினார். அடுத்த ஆண்டே அந்த நூல் உரோமையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. சபாட்டியே பிரான்சிஸின் கீழ்ப்படிதலைக் குறைத்து மதிப்பிட்டார் என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். அவர் திரட்டிய சான்றுகளை வைத்தே அவரைத் திருத்தவும் முடிந்தது. இன்னும் 2014-இல், செலானோ எழுதிய வேறொரு சுருக்கமான வரலாறு, கைக்கு அடக்கமான ஒரு சுவடியில் கிடைத்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் தாலாருன் அதை அடையாளம் கண்டார். பிரான்ஸ் தேசிய நூலகம் அதை வாங்கிப் பாதுகாக்கிறது. அழிக்கச் சொல்லி ஆணையிட்டு 748 ஆண்டுகள் கழித்தும் சான்று வெளிவருகிறது.

இதைக் கேட்டு, நிறுவனம் என்றாலே ஒடுக்குமுறைதான் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பிரான்சிஸ் கேட்க வேண்டாம் என்ற உரோமைக் கடிதங்கள்தாம் அவர் சபையை உலகெங்கும் கொண்டுபோயின. அந்தச் சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தை நான்காம் நிக்கோலஸ், மொந்தேகொர்வினோ ஊர் ஜான் என்ற துறவியைக் கீழ்த்திசைக்குத் தூதராக அனுப்பினார். சீனம் செல்லும் வழியில் ஜான் இந்தியாவில், புனித தோமையார் ஆலயம் இருந்த இடத்தில், 13 மாதங்கள் தங்கினார். உடன்வந்த பிஸ்தோயா ஊர் நிக்கோலஸ் அங்கேயே இறந்து, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1305-இல் ஜான் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. அந்த இடம் நம் மயிலாப்பூர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. பிரான்சிஸின் வறுமையைத் தளர்த்திய அதே அமைப்புதான் அவர் பிள்ளைகளை நம் கடற்கரை வரை அழைத்துவந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்கும் வலிமையைத்தான் மூன்று ஆண்டுகளாக உங்கள் ஆசிரியர்கள் உங்களுக்குப் பயிற்றுவித்திருக்கிறார்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். 1431-இல் ரூவான் நகரில் ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் ஜோன் ஆஃப் ஆர்க் விசாரிக்கப்பட்டு, எரிக்கப்பட்டார். அவருடைய பதில்களை எழுதியவர்களில் ஒருவர் கியோம் மான்ஷோன். “ஜன்னல் ஓரத்தில் திரைக்குப் பின்னால் வேறு ஆட்களை உட்காரவைத்து, ஜோனுக்குச் சாதகமான பதில்களை விட்டுவிட்டு எழுதச் செய்தார்கள். என்னையும் சொற்களை மாற்றும்படி நெருக்கினார்கள். நான் கேட்டதைத்தான் எழுதினேன்” என்று அவர் பிற்பாடு சாட்சியம் சொன்னார். தம்மைக் காத்துக்கொள்ள அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று நாம் ஐயப்படலாம், ஐயப்படவும் வேண்டும். ஆனால் தம் பிரெஞ்சுக் குறிப்பேட்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்து, மறுவிசாரணையில் அவர் ஒப்படைத்தது உண்மை. எரித்தவர்களின் ஏட்டிலேயே எரிந்தவரின் குரல் பிழைத்திருந்தது. 1456-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று திருச்சபையே அறிவித்தது. 1920-இல் ஜோன் புனிதரானார்.

அன்பு மாணவர்களே, உங்களில் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் இதழாளராவீர்கள், சிலர் அரசுப் பணிக்குப் போவீர்கள். கோவில் அலுவலகத்திலோ பங்குத்தந்தை இல்லத்திலோ தர்கா நிர்வாகத்திலோ பழைய ஏடுகள் உங்கள் கைக்கு வரும். ஊர்ப் பெருமைக்கு ஒவ்வாத ஒரு கல்வெட்டு, தலைவரின் புகழுக்குப் பொருந்தாத ஒரு கடிதம், நம் சாதிக்கோ சமயத்துக்கோ சங்கடம் தரும் ஒரு பதிவேடு கண்ணில் படும். இதை வைத்திருப்பது நல்லதல்ல என்று நல்ல மனிதர்களே உங்களிடம் வந்து சொல்வார்கள். அப்போது 1266-ஆம் ஆண்டுப் பேரவையை நினையுங்கள். படி எடுத்து வையுங்கள். எங்கே, எப்போது, யார் கையால் என்று குறித்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்த முடிவை எழுதுங்கள், ஆனால் அதை மறுக்க வருபவருக்குத் தேவையான சான்றையும் விட்டுச் செல்லுங்கள்.

இந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதி உங்களுக்கு உண்டு என்று நான் மனமார நம்புகிறேன். பட்டம் பெறும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வாழ்த்துகள்.