கைம்மாறு செய்ய இயலாத விருந்தினர்



விருந்தளிக்கும்போது கைம்மாறு செய்ய இயலாதவர்களை அழைக்கச் சொல்கிறார் நம் ஆண்டவர் (லூக்கா 14:12-14).

நம் மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அதிகாரியிடம் முறையிட்டுத் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமானது. அங்கே கைம்மாறு இருந்தது.

நம் கரையோரக் காட்டு மரமான பாலை அப்படியல்ல. மிக மெதுவாக வளரும். விதை ஊன்றியவர் அதன் பழத்தைக் காணாமலே போகலாம். உண்ணப்போவது குயிலும் சின்னானும் வௌவாலும்தான். அவை விதையைப் பரப்பும். ஆனால் தாய்மரமே வெட்டப்பட்ட இடத்தில் பரப்ப விதை ஏது? அங்கே அந்த வேலை நம்முடையது.

நாவல் பழம் தின்றால் கொட்டையை எறியாதிருப்போம். அது காய்ந்தால் முளைக்காது. சில நாள்களுக்குள் மண்ணில் ஊன்றுவோம். களாவும் இலந்தையும் கல்லறைத் தோட்ட வேலியோரம் வளரட்டும்.

"நமக்கு என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்பார்கள். லாபம் இல்லாததால்தான் இது ஆண்டவர் சொன்ன விருந்து.

வானத்துப் பறவைகளுக்கு உணவூட்டும் தந்தையே, எங்கள் கைகளையும் பயன்படுத்தும். ஆமென்.