தக்காளி இலையில் வெள்ளை மாவு: வேப்பெண்ணெய் இருக்க நஞ்சு எதற்கு?



செலண்டார் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடியேறிய குடும்பங்களுக்குக் கொல்லை என்பது நான்கைந்து பூச்சட்டிகளாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சட்டியில் வளரும் தக்காளியின் இலைமீது மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்தால், பலர் உடனே பூச்சிமருந்து வாங்கி அடிக்கிறார்கள். இது பூச்சியல்ல; சாம்பல் நோய் எனும் பூஞ்சை. பூச்சிமருந்தால் நோய் தீராது. பிள்ளைகள் பறித்துத் தின்னும் பழத்தில் நஞ்சு ஏறுவதுதான் மிச்சம்.

இந்தப் பூஞ்சை பரவ இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, ஈரக்காற்றே போதும். நிழலில், காற்றோட்டமின்றி நெருக்கி வைத்த சட்டிகள்தாம் அதற்கு விருந்து. ஆகவே சட்டிகளை விலக்கி, வெயில் படும் இடத்தில் வைப்பதே முதல் வைத்தியம். நோய் கண்ட இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும்.

அடுத்தது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சில துளி சோப்பு நீரும் நன்கு கலக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் ஓரிரு இலைகளில் சோதிப்பது நல்லது.

வேப்பெண்ணெயால் செடிப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் ஏற்கெனவே கையாளப்பட்ட முறை இது என்று வந்தனா சிவா முதலியோர் எதிர்த்தனர். 2000இல் அந்த உரிமை இரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நம் பாட்டிமார் கைமருந்தின் மதிப்பு அவ்வளவு!

பாலும் உதவும். ஒரு பங்கு பசும்பாலுக்கு ஒன்பது பங்கு நீர். பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பூசணி இனச் செடியின் சாம்பல் நோயை இந்த அளவுப் பால் கட்டுப்படுத்தியது.

வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. புதுத் தளிர் சுத்தமாக வந்தால் அதுவே வெற்றி. ஆனால், இலையும் தண்டும் நீர் கோத்ததுபோல் பழுப்பாகி விரைந்து அழுகினால் அது வேறு நோய். அந்தச் செடியை அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும்.

காலையில் தண்ணீர் ஊற்றும்போதே இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஒரு புள்ளியாக இருக்கும்போது கண்டுகொண்டால் வீட்டு மருந்தே போதும்.