ஓவியர் கிளே மீண்டும் கண்ட உவகை

கலைஞருக்கு நேரக்கூடிய துன்பங்களுள் மிகக் கொடியது எது என்று வினவினால், வறுமை என்பர் சிலர். உலகம் மதியாமை என்பர் வேறு சிலர். கலைஞரையே கேட்டாலோ வேறொரு விடை கிடைக்கும். தூரிகையும் வண்ணமும் அருகே இருக்க, வரைதற்குத் தாளும் விரிந்திருக்க, உள்ளத்தில் ஊக்கம் எழாது கழியும் நாள்களே அவரைப் பெரிதும் வாட்டுவன. அத்தகைய வறண்ட காலமொன்றைக் கடந்து, இழந்த படைப்பின்பத்தை முன்னினும் பெரிதாகப் பெற்ற ஓவியர் ஒருவரின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும். அவர் பெயர் போல் கிளே. அவ்வின்பம் பெருக்கெடுத்தோடிய ஆண்டு 1939.

கிளே 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரை அடுத்துள்ள முன்சன்புக்சே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜேர்மன் நாட்டவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் இசை கற்பித்தவர். தாயார் சுவிஸ் நாட்டவர். அவரும் இசை பயின்றவர். மைந்தரும் இளமையிலேயே வயலின் வாசிப்பில் வல்லவரானார். இசையா ஓவியமா என்று தடுமாறிய உள்ளம் ஈற்றில் ஓவியத்தைத் தேர்ந்தது. அதனைப் பயிலும் பொருட்டு அவர் மியூனிக் நகருக்குச் சென்றார். ஆயினும் இசை அவரை விட்டு அகலவில்லை. அவர் மணந்த லில்லி அம்மையாரும் பியானோ ஆசிரியையே.

1914ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் ஓவிய நண்பர் இருவருடன் கிளே தூனிசியா நாட்டுக்குச் சென்றார். அந்நாட்டின் ஒளியும் வெண்சுவர்களும் அவருக்கு வண்ணத்தின் இயல்பை உணர்த்தின. அதுவரை கோட்டோவியராகவே தம்மை எண்ணியிருந்தவர், தாம் ஓர் ஓவியர் என்னும் உறுதியை அப்பயணத்திலேயே பெற்றதாக நாட்குறிப்பில் எழுதினார். பின்னர், 1921 முதல் 1931 வரை, பௌஹவுஸ் என்னும் புகழ் பெற்ற கலைக் கல்லூரியில் வைமாரிலும் டெசாவுவிலும் ஆசிரியராக விளங்கினார். புள்ளியொன்று இடம் பெயர்வதனாற் கோடு பிறக்கின்றது, கோடு நகர்வதனாற் பரப்புப் பிறக்கின்றது என்று, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக மாணவரை அழைத்துச் செல்வது அவர் கற்பித்த முறை.

கிளேயிடம் இன்னுமொரு பழக்கம் இருந்தது. 1911ஆம் ஆண்டிலே தம் படைப்புகளுக்கு ஒரு பேரேடு தொடங்கினார். சிறு பராயத்தில் வரைந்தவற்றுள்ளும் தேர்ந்த சிலவற்றை அதில் முதலிற் பதிந்தார். அதன் பின்னர் வரைந்த ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் இலக்கமும் தலைப்பும் இட்டு, வாழ்நாள் முடிவுவரை எழுதி வந்தார். வணிகர் வரவு செலவு எழுதுவது போன்ற இக்கணக்கு, ஒரு கலைஞரின் உள்ளத்தில் எப்போது ஊற்றுப் பெருகியது, எப்போது வற்றியது என்பதை இன்றும் நமக்குக் காட்டி நிற்கின்றது.

1933ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஆட்சி ஜேர்மனியில் ஏற்பட்டது. அப்போது டுசெல்டோர்வ் கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த கிளேயின் பதவி பறிபோயிற்று. அவர் வீடும் சோதனையிடப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் மனைவியாருடன் பேர்ண் நகருக்கே மீண்டு, சிறியதொரு குடியிருப்பில் வாழத் தலைப்பட்டார். பிறந்த மண்ணிலேயே அவர் அந்நியர். தந்தையார் ஜேர்மன் நாட்டவராதலின் கிளேக்குச் சுவிஸ் குடியுரிமை இருக்கவில்லை.

இத்துயருடன் இன்னொன்றும் சேர்ந்தது. 1935ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் கடும் நோய்வாய்ப்பட்டார். முதலில் அதனைச் சின்னமுத்து என்றனர் மருத்துவர். நோயோ நீங்கவில்லை. தோல் இறுகியது, உணவு விழுங்குதல் அரிதாயிற்று, உடல் தளர்ந்து, உயிருக்குயிராக நேசித்த வயலினையும் கீழே வைக்க நேர்ந்தது. தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளரோடேர்மா என்னும் நோயே அதுவெனப் பிற்கால மருத்துவ ஆய்வாளர் கருதுவர். 1936ஆம் ஆண்டில் தராஸ்ப், மொன்தானா ஆகிய மலையூர்களிற் தங்கி உடல்நலம் தேடினார். அவ்வாண்டுக்குரிய பேரேட்டுப் பக்கத்திலே காணப்படுவன 25 படைப்புகள் மாத்திரமே. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வரைந்து பழகிய கைக்கு இஃது ஏறக்குறைய முழு மௌனம் எனலாம்.

இனி அப்பேரேட்டின் அடுத்த பக்கங்களைப் புரட்டுவோம். 1937இல் 264. 1938இல் 489. 1939இல் 1,253. சராசரியாகப் பார்த்தால் நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல். அவர் வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் இத்துணைப் படைப்புகள் தோன்றவில்லை. நோய் தீர்ந்துவிட்டதா? இல்லை. பதவி திரும்பியதா? அதுவும் இல்லை. 1937 ஜூலை மாதத்தில் மியூனிக் நகரிலே, நவீன ஓவியங்களை இழிவுபடுத்துதற்கென்றே ‘இழிந்த கலை’ என்னும் பெயரால் ஒரு கண்காட்சியை நாசிகள் நடத்தினர். அதிற் கிளேயின் படைப்புகள் 17 வைக்கப்பட்டன. சித்தம் பேதலித்தவர் வரைந்த படத்தோடு அவருடைய படத்தை ஒப்பிட்டு எள்ளி நகையாடினர். ஜேர்மன் பொதுக் காட்சிச்சாலைகளிலிருந்து அவருடைய படைப்புகள் 102 பறிமுதலாயின. வெளியுலகம் அவர்க்குக் கதவடைத்த அந்த ஆண்டிலேயே உள்ளுலகம் திறந்து கொண்டது.

அது திறந்த வகையை ஊன்றி நோக்குதல் பயனுடைத்து. கிளே பழைய வழியைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. முன்னாளில் அவர் வரைந்தவை சிலந்தி நூல் போன்ற மெல்லிய கோடுகளும், சிறு சிறு வண்ணச் சதுரங்களும் கொண்டவை. பொறுமையுடன் நுணுக்கி நுணுக்கிச் செய்தவை. நோய்க்குப் பின் வந்த ஓவியங்களிலோ கோடு தடித்தது; கரிய மரக்கட்டைகளைக் கிடத்தினாற்போன்ற பெருங்கோடுகள் தோன்றின. வண்ணத்தைப் பசையோடு குழைத்தார். பழைய செய்தித்தாளிலும் சாக்குத் துணியிலும் தீட்டினார். எளிய பொருள், எளிய கோடு, தாமதமின்றித் தொடங்கும் துணிவு ஆகிய இம்மூன்றும் அவருக்குத் துணையாயின. மாணவர்க்குக் கற்பித்த முதற் பாடத்திற்கே, அஃதாவது நகரும் புள்ளிக்கே, ஆசிரியர் திரும்பினார் என்றாலும் பொருந்தும். இரவு நெடுநேரம் மேசையருகே அமர்ந்து அவர் வரைந்ததையும், முடிந்த தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் வீழ்ந்ததையும் லில்லி அம்மையார் ஒரு கடிதத்திற் குறித்திருக்கின்றார்.

1938ஆம் ஆண்டில் உருவான ‘இன்சுலா துல்கமாரா’ என்னும் ஓவியம் இவ்வகையிற் சிறந்தது. அகலம் 176 சதம மீற்றர், உயரம் 88 சதம மீற்றர். கிளே தீட்டிய படங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சாக்குத் துணியில் ஒட்டிய செய்தித்தாளின் மீது இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் இளவேனிற் காலம் போல மலர்ந்திருக்கின்றன. அவற்றின் ஊடே கரிய தடித்த கோடுகள் வளைந்து செல்கின்றன. நடுவே வெளிறிய முகமொன்று நம்மை நோக்குகின்றது. தலைப்பிலுள்ள இலத்தீன் சொற்களுட் பின்னையது இனிப்பும் கசப்பும் ஒருங்கே குறிப்பது. நச்சுக் கனி தரும் கொடியொன்றுக்கும் அதுவே பெயர். இனிப்புங் கசப்புமான தீவு! அக்கால வாழ்வுக்கு அவரே இட்ட பெயர் போல அது அமைந்துவிட்டது.

1939இல் அவர் கையிலிருந்து பிறந்தவற்றுட் பலராலும் விரும்பப்படுவன தேவதூதர் வரிசைப் படங்கள். கோயிற் சுவர்களிற் காணும் ஒளிவட்டமுடைய தேவதூதர் அல்லர் இவர்கள். குறைபாடு நீங்காதவர்கள், பாதி மனிதர், பாதி வானவர். ஒரு படத்திற்கு ‘மறதியுள்ள தேவதூதர்’ என்று பெயர். சில கோடுகளே; கோத்த கைகள், தாழ்ந்த கண்கள், நாணம் கலந்த சிறு முறுவல். ஏதோ ஓர் ஏவலை மறந்துவிட்டு, என் செய்வதென்று அறியாது நிற்கும் குழந்தையின் தோற்றம். நோயினால் வருந்தி, மரணம் அணுகுவதை உணர்ந்த ஒருவர், மறுமையைப் பற்றி எண்ணுங்காலும் நகைச்சுவையை இழக்கவில்லை என்பதற்கு இப்படமே சான்று.

ஆண்டு முடியும் தறுவாயில், 1939 டிசெம்பர் மாதத்தில், தம் மகன் பீலிக்சுக்கு எழுதிய கடிதத்திற் கிளே அவ்வாண்டைத் திரும்பிப் பார்த்தார். படைப்புகளைத் தம் குழந்தைகள் என்றே அதிற் குறிப்பிட்டார். அவை துள்ளிக் குதித்து வெளிவரும் வேகத்துக்குத் தம்மால் ஈடுகொடுக்க இயலவில்லை என்றும், கோட்டோவியங்களே மிகுதியாதலின் ஒருவாறு சமாளிக்க முடிந்தது என்றும், ஆயிரத்திருநூறு இலக்கங்கள் ஒரு சாதனையே என்றும் எழுதினார். தம் பிள்ளைகளின் குறும்பைக் குறை கூறுவது போலப் பெருமை பேசும் தந்தையின் குரல் அக்கடிதத்திற் கேட்கின்றது. அறுபது வயது நிறைந்த சில நாள்களுக்குள் எழுதப்பட்ட கடிதம் அது.

இவ்வரலாற்றைக் கூறுவோர், துன்பமே கலையின் தாய் என்று முடித்துவிடுவதுண்டு. அது பேரேடு காட்டும் உண்மைக்குப் பொருந்தாது. 1936இலும் நோய் இருந்தது. நாடிழந்த துயரும் இருந்தது. அவ்வாண்டு தந்தவை 25 படைப்புகளே. துன்பம் மாத்திரம் கலையைப் பிறப்பிக்குமாயின் அவ்வாண்டன்றோ பொலிந்திருத்தல் வேண்டும்? துன்பம் முதலில் கையைக் கட்டியது. உடல் ஓரளவு இடங்கொடுத்தபோது, பழைய திறமையைப் பழையபடியே காட்டவேண்டும் என்னும் எண்ணத்தை விடுத்து, அன்றைக்கு இயன்ற ஒரு கோட்டை அன்றைக்கே வரைந்தார். அதனால் உவகை மீண்டது. பண்டைக் கிரேக்க ஓவியரான அப்பெல்லஸ் ஒரு கோடேனும் வரையாது ஒரு நாளையும் கழித்ததில்லை என்பது வழிவழி வந்த செய்தி. அதனையொட்டிய இலத்தீன் முதுமொழியைக் கிளேயும் 1938ஆம் ஆண்டுப் பேரேட்டிற் குறித்துவைத்தார்.

அவ்வுவகை துயரை மறைத்த திரையுமன்று. 1940 ஜனவரியில் நண்பரொருவருக்கு எழுதுகையில், தாம் துன்பியல் வழியில் வந்து சேர்ந்தது தற்செயலன்று என்றும், காலம் வந்துவிட்டதைத் தம் படங்களே அறிவிக்கின்றன என்றும் குறிப்பாற் கூறினார். மகனுக்கு எழுதிய கடிதத்துக்கும் இதற்கும் இடையே சில நாள்களே. இரண்டும் மெய், இரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து வந்தவை.

1940இன் முதல் ஐந்து மாதங்களுக்குள் மேலும் 366 படைப்புகள் பேரேட்டில் ஏறின. மே மாதத்தில் அவர் தெற்கே தெசின் மாநிலத்து மருத்துவமனைக்குச் சென்றார். ஜூன் 29ஆந் திகதி லோகார்னோவை அடுத்த முரால்ற்றோவில் உயிர் நீத்தார். வேண்டிநின்ற சுவிஸ் குடியுரிமை அவர் கண்மூடும்வரை கைகூடவில்லை. அவரைக் குடிமகனாக ஏற்கத் தாமதித்த அதே பேர்ண் நகரிலே, 2005ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு பெருங் கலைநிலையம் திறக்கப்பட்டது. அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 4,000 அங்கே பேணப்படுகின்றன.

ஓவியம் பயிலும் இளைஞர்க்கும், ஒரு காலத்தில் வரைந்து பின்பு கைவிட்டவர்க்கும் இவ்வரலாறு உதவும். நல்ல காலம் வரட்டும், உடல்நலம் வரட்டும், உள்ளம் அமைதியுறட்டும், அதன்பின் தொடங்குவோம் என்று காத்திருப்போர் பலர். கிளேக்கு அவற்றுள் எதுவும் வரவில்லை. செய்தித்தாளும் சாக்குத் துணியும் பசையுமே அவர் கைக்கு எட்டியவை. அவற்றைக் கொண்டு அவர் தொடங்கினார்.