செல்ஃப் எடுக்கலையா? முதல்ல ஹாரனை அடிச்சுப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் குழுவில் ஆறு பேர் ஸ்கூட்டர் வைத்திருக்கிறோம். உள்கடன் எடுத்து வாங்கிய வண்டிகள்தான். பால் ஊற்றவும், சந்தைக்குப் போகவும், தவணை கட்ட பேங்க் போகவும் அதுதான் நமக்குக் கால். அந்தக் கால் ஒருநாள் முடங்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு அடைமழைக் காலத்தில் பார்த்தோம். எங்களில் ஒருத்தர் குழுப் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி எடுத்தால், செல்ஃப் எடுக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனார். பட்டறையில் பேட்டரி போச்சு என்றார்கள். மாற்றினார், ஆயிரத்துச் சொச்சம் செலவு. பத்து நாளில் மறுபடியும் அதே கதை! இந்தத் தடவை நாங்களே சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். பேட்டரி முனையில் ஒரு ஸ்க்ரூ லூசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பழைய பேட்டரியும் நன்றாகத்தான் இருந்திருக்குமோ என்று இன்னமும் மனசு கேட்கிறது. மெக்கானிக்குகளைக் குறை சொல்ல வரவில்லை. நமக்குத் தெரியாததால், சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினோம் என்பதைத்தான் சொல்கிறோம்.

அதுக்கப்புறம் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறோம். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பதறாமல் சாவியைப் போட்டு ஹாரனை அடியுங்கள். ஹாரன் கணீரென்று கேட்டால் பேட்டரி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. அப்போ பிரேக்கைப் பார்க்கணும். ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால், ஒன்று பல்பு போயிருக்கும், இல்லை பிரேக் சுவிட்ச் சிக்கியிருக்கும். இன்னொரு பக்கத்து பிரேக்கைப் பிடித்து அழுத்திப் பாருங்க, பல தடவை எடுத்துவிடும். இன்ஜினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் இருந்தால், குழந்தைகள் விளையாட்டாகத் தட்டி வைத்திருக்கும். புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் எடுக்காது. இந்த மூன்றுக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கேட்டு, செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும் அடித்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனை லூசு. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியைத் திறந்து பாருங்கள். சில வண்டியில் சீட்டுக்கு அடியில், சிலதில் கால் வைக்கிற பலகைக்கு அடியில் இருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும், அதைத் தூக்கிப் போடாதீங்க. முனை லேசாக ஆடினால் முறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது ஆசிட் உப்பு. வெறுங்கையால் தொடாதீர்கள். ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள்.

கழற்றும்போது மைனஸ் ஒயர்தான் முதலில். மாட்டும்போது மைனஸ்தான் கடைசி. ஏன் என்றால், வண்டியின் இரும்புச் சட்டம் முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெட்ரோல் டேங்க் எத்தனை தூரத்தில் இருக்கு என்று நீங்களே பாருங்க!

ஹாரனும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை, மொத்தமாகச் செத்துப்போச்சு என்றால் பியூஸைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் சின்னதாக இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் போச்சு. அதன் மேல் 10, 15 என்று எண் இருக்கும். அதே எண்ணில்தான் மாற்ற வேண்டும். விலை டீச் செலவுதான், இரண்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு சாக்லேட் தாளைச் சுற்றிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டவே வேண்டாம். பியூஸ் எரிவது ஒயரைக் காப்பாற்றத்தான். தாளைச் சுற்றினால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். புதுப் பியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசித் தோல் உரிந்திருக்கிறது. அது பட்டறை வேலை, அதோடு நாம் நிறுத்திக்கணும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் பரபரவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும். பகலிலும் ஹெட்லைட் எரிகிறதே என்று சிலர் கேட்டார்கள். 2017 ஏப்ரலில் இருந்து வரும் புது வண்டிகளில் அப்படித்தான், பழுதில்லை.

இன்னொன்றும் சொல்லணும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் பெட்ரோல் ஊசி வழியாகப் போவதால், பேட்டரி அடியோடு இறங்கினால் பலதில் கிக்கர் அடித்தாலும் எடுக்காது. அதனால் மாசக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள். கரண்டில் ஓடும் வண்டி வைத்திருக்கிறவங்க பெரிய பேட்டரியைத் திறக்கவே கூடாது. அது நம்ம கைக்கு அடங்காத கரண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வேப்பமரத்தடிக்கு வாருங்கள். எங்க வண்டி ரெண்டு நிக்குது. ஸ்பேனரும் பழைய பியூஸும் கொண்டு வந்திருக்கிறோம். ஒவ்வொருத்தரும் கையால் கழற்றி மாட்டிப் பார்க்கணும். இளையவங்க முதல்ல வாங்க, கூச்சப்படாதீங்க. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு வாங்க, வளையலும் மோதிரமும் கழற்றிப் பையில் இருக்கட்டும்.